ஒலியும் ஒரு பதிப்பே: இசைத்தட்டு வெளியீட்டகமொன்றின் காட்சியும் வன்னிநாட்டின் ஒலிமரபும்

பதிப்பு என்னுஞ் சொல் தமிழ் பயில்வோர்க்கு ஏட்டையும் அச்சையுமே நினைவூட்டுவது. ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் எனத் தொடரும் வரிசையினூடாகவே நாம் பதிப்பு வரலாற்றைக் கற்று வந்துள்ளோம். செல்லரித்த ஓலையிலிருந்து எழுத்தை மீட்டமை அப்பெரியோர் செய்த பணி. ஆயின் எழுத்தைப் போலவே ஒலியும் பதிப்பிக்கத்தக்க ஒரு பொருள் என்பதும், ஒலியைத் தேர்ந்து, பதிந்து, செம்மை செய்து, உறையிட்டு வெளியிடும் இசைத்தட்டு வெளியீட்டகமும் ஒருவகைப் பதிப்பகமே என்பதும் நம்மிடையே போதிய அளவு சிந்திக்கப்படவில்லை. இவ்வுண்மையைக் காட்சிவாயிலாக உணர்த்திய நிகழ்ச்சியொன்று ஜேர்மனியின் மியூனிக் நகரில் 2012ஆம் ஆண்டில் நடைபெற்றது. பரிசோதனை இசைக்குப் பெயர்பெற்ற ஓர் இசைத்தட்டு வெளியீட்டகத்தின் வரலாறே அங்குக் காட்சிப்பொருளாயிற்று. அந்நிகழ்ச்சியை நோக்கி, அதனின்று வன்னிநாட்டின் ஒலிமரபு குறித்து எழும் வினா யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மியூனிக்கும் முள்ளியவளையும் ஒருங்குவைத்து எண்ணத்தக்கனவா என்னும் ஐயம் எழலாம். அவ்விரண்டையும் இணைக்கும் இழை ஒன்று யாழ்ப்பாணத்தினூடாகவே செல்வதைப் பின்னர்க் காண்போம்.

மியூனிக் நகரில் ஒரு காட்சி

ஈ.சி.எம். என்னும் வெளியீட்டகம் 1969ஆம் ஆண்டில் அக்கால மேற்கு ஜேர்மனியின் மியூனிக் நகரில் தொடங்கப்பட்டது. 'சமகால இசைப் பதிப்பு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களே அதன் பெயராயின. பதிப்பு என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே கொண்டுள்ளமை ஈண்டு மனங்கொளத்தக்கது. அதனைத் தோற்றுவித்தவர் 1943இல் பிறந்த மன்பிரட் ஐக்கர் என்பவர். அவர் டபிள் பேஸ் என்னும் பெருநரம்புக் கருவியைப் பயின்ற இசைஞர். பதிவுக்கூடத்தில் நுணுகிக் கேட்டு, ஒலியின் அளவையும் இடைவெளியையும் தாமே தீர்மானிப்பது அவர் வழக்கம். இந்நிறுவனத்தின் குறுவட்டுக்களில் இசை தொடங்குமுன் ஐந்து வினாடி மௌனம் அமைக்கப்படுவதுண்டு. மௌனத்தையும் பாடத்தின் ஒரு பகுதியாகக் கொண்ட பதிப்பாசிரியர் எனல் பொருந்தும்.

முன்னரே எழுதப்படாத, மேடையிலேயே உருவாகும் இசைக்கு இவ்வெளியீட்டகம் இடமளித்தது. 1975 சனவரி 24ஆந் திகதி கெல்ன் நகரில் கீத் ஜெரட் என்னும் அமெரிக்கப் பியானோக் கலைஞர் ஒரு மணி நேரத்துக்கு மேலாகத் தாம் முன்னறியாத இசையைத் தனித்திருந்து வாசித்தார். அக்கச்சேரியின் பதிவு தனிப் பியானோ இசைத்தட்டுக்களுள் மிக அதிகமாக விற்பனையானவற்றுள் ஒன்றாயிற்று. 1984இல் எஸ்தோனிய இசையாசிரியர் ஆர்வோ பார்ட்டின் ஆக்கங்களோடு எழுதப்பட்ட இசைக்கெனத் தனியொரு வரிசையும் தொடங்கப்பட்டது.

இந்நிறுவனத்தின் வரலாறே 2012 நவம்பர் முதல் 2013 பெப்ரவரி வரை மியூனிக்கிலுள்ள 'ஹவுஸ் டெர் குன்ஸ்ட்' என்னும் கலைமண்டபத்தில் காட்சியாக வைக்கப்பட்டது. ஒக்வி என்வேசர், மார்க்கஸ் முல்லர் ஆகிய இருவரும் அதனை அமைத்தனர். 'ஒரு பண்பாட்டுத் தொல்லியல்' என்பது அதன் துணைத்தலைப்பு. மூல ஒலிநாடாக்கள், உறை ஓவியங்கள், நிழற்படங்கள், திரைப்படங்கள் என்பன ஒருபுறமிருக்க, இருந்து கேட்பதற்கான ஒலியறைகளும் அமைக்கப்பட்டிருந்தன. கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதைக் கடந்துசெல்லும் அருங்காட்சியக முறை இதுவன்று. பார்வையாளன் ஒலியின் நடுவே நின்று தானும் கேட்போனாக மாறும் முறை இது. கனடியக் கலைஞர் ஸ்டான் டக்ளஸ் 1992இல் ஆக்கிய படைப்பும், இலண்டனைச் சேர்ந்த ஒட்டோலித் குழுவினர் 2012இல் ஆக்கிய படைப்பும் அங்கு இடம்பெற்றமை, இசைத்தட்டொன்று பிறிதொரு கலைக்கு ஊற்றாதல் கூடும் என்பதைப் புலப்படுத்திற்று.

காட்சி நடந்த மண்டபம்

அக்காட்சியின் பொருளை முழுமையாக உணர்தற்கு மண்டபத்தின் வரலாற்றையும் அறிதல் வேண்டும். அது நாசி ஆட்சியினர் தமக்கு உவப்பான கலையை நிலைநாட்டுதற்கென எழுப்பிய கட்டடம். 1937 யூலை 18இல் அது திறந்துவைக்கப்பட்டது. மறுநாளே அதே நகரில், தாம் வெறுத்த ஓவியங்களையும் சிற்பங்களையும் இகழ்ந்து காட்டும் 'இழிந்த கலை' என்னும் காட்சியை அவ்வாட்சியினர் தொடங்கினர். 1938இல் டுசெல்டோர்வ் நகரில் 'இழிந்த இசை' என்னும் பிறிதொரு காட்சி நடைபெற்றது. யூத இசையாசிரியர்களின் ஆக்கங்களும் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையும் அங்குப் பழிக்கப்பட்டன. அங்கும் ஒலிக்கூண்டுகள் இருந்தன, இசைத்தட்டுக்கள் ஒலிக்கவிடப்பட்டன. மக்கள் கேட்டு இகழவேண்டும் என்பதே அமைப்பாளரின் எண்ணம்.

கருவியும் முறையும் ஒன்றே, நோக்கம் நேர்மாறானது. ஈ.சி.எம். வெளியிட்ட முதலாவது இசைத்தட்டு, மியூனிக்கில் வாழ்ந்த மல் வோல்ட்ரன் என்னும் கறுப்பின அமெரிக்கப் பியானோக் கலைஞருடையது. 1969 நவம்பரில் பதியப்பெற்ற அதன் பெயர் 'ஈற்றில் விடுதலை' எனப் பொருள்படும். அத்தகைய இசையை நாட்டினின்றும் ஒழிக்க முனைந்தோர் கட்டிய மண்டபத்தில், அவ்விசையின் வரலாறு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டின் பின் மதிப்புடன் வைக்கப்பட்டது. அதனை அமைத்தோருள் ஒருவரும் அம்மண்டபத்தின் அக்கால இயக்குநருமான என்வேசர் நைஜீரியாவிற் பிறந்தவர். இவற்றைத் தற்செயல் எனத் தள்ளுதல் இயலாது. ஒலியைக் காட்சிப்படுத்தல் நடுவுநிலையான செயலன்று. எவ்வொலி கேட்கத்தக்கது என்று தீர்ப்புக் கூறும் அதிகாரத்தின் வெளிப்பாடே அது என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகின்றது.

யாழ்ப்பாணத்தினூடாக ஓர் இழை

இவ்வெளியீட்டகத்தின் பட்டியலில் நமக்கு அணுக்கமான பெயர்களும் உள. வயலின் வித்துவான் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து இசை கற்பித்தவர். அவர்தம் புதல்வர்களான எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோர் இளமையில் அச்சூழலில் வளர்ந்தவர்கள். 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்தை அடுத்து அக்குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தது.

இளையவரான சங்கர் பின்னர் ஐக்கிய அமெரிக்கா சென்று, பத்து நரம்புகளும் இரு கழுத்துகளும் கொண்ட இரட்டை வயலினை வடிவமைத்தார். வயலின் முதல் டபிள் பேஸ் வரையான நரம்புக் கருவிகளின் ஒலியெல்லை முழுவதையும் ஒரே கருவியில் அடக்குதல் அதன் நோக்கம். 1980இல் பதியப்பெற்று ஈ.சி.எம். வெளியிட்ட அவரது இசைத்தட்டில் உமையாள்புரம் கே. சிவராமன் மிருதங்கமும் சாகிர் உசேன் தபேலாவும் வாசித்தனர். தந்தையாராகிய லக்ஷ்மிநாராயணா தாளமிட்டார். இராகம், தானம், பல்லவி என்னும் நம் கச்சேரி அமைப்பு, மியூனிக்கிலிருந்து வெளிவந்த தட்டொன்றில் இவ்வாறு இடம்பெற்றது.

இதிலிருந்து இரு கருத்துக்களைப் பெறலாம். மரபின் உள்ளே நின்றும் பரிசோதனை நிகழ்த்தலாம் என்பது ஒன்று. ஈழத்துச் சூழலோடு தொடர்புடைய இசைகூட, அதனைப் பதிந்து பேணும் ஒரு நிறுவனத்தைச் சென்றடைந்தபோதே உலகின் செவிக்கு எட்டியது என்பது மற்றொன்று. அத்தகைய நிறுவனம் எதனையும் சென்றடையாத ஒலிகளின் நிலை யாது என்னும் வினாவே நம்மை வன்னிக்கு இட்டுச்செல்கின்றது.

ஒரு பக்கத்துள் அடங்காதவை

இந்தியத் துணைக்கண்டத்தில் வணிக நோக்கிலான ஒலிப்பதிவு 1902இல் தொடங்கியது. கிராமபோன் கொம்பனியின் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவிற் செய்த மூலப்பதிவுகள், தட்டுக்களாக அச்சாகும்பொருட்டு ஜேர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டன. 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை நிறுவப்பட்டது. தமிழ்நாட்டுச் சங்கீத வித்துவான்களும் நாடக நடிகர்களும் பாடிய தட்டுக்கள் இலங்கையிலும் விற்பனையாயின. 1920களில் கொழும்பில் வானொலி தொடங்கியபோது முதலிற் காற்றில் ஏறியவற்றுள்ளும் கிராமபோன் தட்டுக்களின் இசை இருந்தது.

வன்னி அத்தட்டுக்களில் இடம்பெறாமைக்கு வணிகமும் கருவியும் ஒருங்கே காரணமாயின. குடித்தொகை குறைந்த, மலேரியாவாற் பீடிக்கப்பட்டிருந்த, குளங்களைச் சார்ந்த சிற்றூர்களைக் கொண்ட அந்நிலப்பரப்பில் இசைத்தட்டு வாங்குவோர் மிகச் சிலரே. மேலும், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிட ஒலியே அடங்கும். கீர்த்தனையைச் சுருக்கிப் பாடலாம். நாடகப் பாட்டை அறுத்துத் தரலாம். இரவு முழுதும் நிகழும் கோவலன் கூத்தை எங்ஙனம் சுருக்குவது? முல்லைமோடி என வழங்கும் ஆட்டப் பாங்கில் நடைபெறும் அக்கூத்தில், அண்ணாவியாரின் பாட்டும் பிற்பாட்டும் மத்தளமும் ஆடுவோரின் காலொலியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அவற்றுள் ஒன்றை மாத்திரம் பிரித்தெடுத்தல் கூத்தைச் சிதைத்தலாகும். 1948இல் அறிமுகமான நெடுந்தட்டின் பக்கமொன்று இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட ஒலியைத் தாங்கியது. ஈ.சி.எம். போன்ற நிறுவனங்கள் நீண்ட இசையைத் தடையின்றி வெளியிட வழிவகுத்தது அதுவே. அவ்வசதி தோன்றிய பின்னரும் வன்னிக் கூத்தை நாடி எந்த வெளியீட்டகமும் வந்ததில்லை.

எழுத்தில் எஞ்சியவை

வன்னியின் ஒலி எவராலும் கவனிக்கப்படவில்லை என்பது இதன் பொருளன்று. அப்பகுதியில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், அம்மக்களின் வாழ்வையும் வழக்காறுகளையும் விரிவாகப் பதிவு செய்தது. சூடடிக்கும் களத்தில் உழவர் வழங்கும் தனிமொழி பற்றியும் அவர் 1880களிலேயே எழுதினார். பின்னாளில் முல்லைமணி வே. சுப்பிரமணியம், செ. மெற்றாஸ்மயில் முதலியோர் அம்மண்ணிற் பிறந்த ஆர்வத்தால் நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்தும் அவைபற்றி எழுதியும் வந்தனர். பயிரழிக்கும் பன்றியையும் குருவியையும் பொருளாகக் கொண்ட பன்றிப் பள்ளு, குருவிப் பள்ளு. யானையைக் கட்டிய அரியாத்தையின் சாவை இரங்கிப் பாடும் வேலப்பணிக்கன் ஒப்பாரி. கண்ணகி கதையைக் கூறும் சிலம்பு கூறல் ஆகியன எழுத்தில் எஞ்சியுள்ளமை இத்தகையோரின் உழைப்பாலேயாம்.

எனினும் அச்சிற் பதிந்தது சொல்லே, மெட்டன்று. அரிவு வெட்டுவோர் எவ்விடத்தில் குரலை உயர்த்தினர், சூடு மிதிக்கும் எருதுகளின் நடைக்கேற்பப் பாட்டு எங்குத் தாழ்ந்தது, ஒப்பாரியில் விம்மலுக்கும் சொல்லுக்கும் இடையே எத்துணை மௌனம் இருந்தது என்பவற்றை அச்செழுத்துச் சொல்லாது. உழவு இயந்திரமும் பின்னர் அறுவடை இயந்திரமும் வயலுக்கு வந்தபின், அப்பாடல்களுக்குக் களனாயிருந்த தொழிலே மாறிவிட்டது. தொழில் மாறத் தொழிற்பாடல் நினைவில் மாத்திரமே வாழும். நினைவோ ஒரு தலைமுறைக்கே உரியது.

இலங்கையில் ஒலியைக் களத்திற் சென்று பதியும் முயற்சி மிக முந்தியது என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். 1907-1908 காலப்பகுதியில் வேடர்களை ஆராய வந்த செலிக்மன் தம்பதியர் மெழுகுருளைகளில் அவர்தம் பாடல்களைப் பதிந்தனர். 1911இல் வெளியான அவர்களின் நூலில் அவ்விசையை ஆராய்ந்து மயெர்ஸ் என்பார் ஓர் அதிகாரம் எழுதினார். கருவி இருந்தது, முறை இருந்தது, வன்னித் தமிழ்ச் சிற்றூர்களின் பாட்டும் அவ்வாறு பதியத்தக்கது என்னும் எண்ணமே இல்லாதிருந்தது. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தது 1887இல். ஏட்டுக்கு அவர் தோன்றினார். ஒலிக்கு ஒரு தாமோதரம்பிள்ளை தோன்றவில்லை.

மிதிவண்டியும் ஒலிநாடாவும்

1970களில் ஒலிநாடாப்பேழை பரவியபோது இந்நிலை சிறிது மாறியது. தட்டு அச்சிடப் பெருந்தொழிற்சாலை வேண்டும். நாடாவிற் பதிய ஒரு சிறுகருவியே போதும். கோயில் திருவிழாவையும் கூத்தையும் சாவீட்டு ஒப்பாரியையும் பொதுமக்களே பதிந்துகொள்ளும் வாய்ப்பு உருவாயிற்று. இதே காலப்பகுதியில் வன்னியின் ஒலிப்பரப்பும் விரிந்தது. 1977 கலவரத்தின் பின் மலையகத் தமிழர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். ஆகவே, வன்னியின் ஒலி என்பது ஒரு தூய தொன்மை அன்று. பல இடங்களிலிருந்து அடுத்தடுத்து வந்தோரின் குரல்கள் படிந்த ஒரு படிவு எனக் கொள்ளலே பொருத்தமுடையது.

1990இன் பின் பொருளாதாரத் தடை காரணமாக வடபகுதியில் மின்கலமும் எரிபொருளும் அரிதாயின, மின்சாரம் இல்லாதொழிந்தது. மக்கள் மிதிவண்டியின் சில்லைச் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னால் வானொலியையும் ஒலிநாடாக் கருவியையும் இயக்கினர். ஒருவர் மிதிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பர். மிதிப்போர் களைப்புற்றால் ஒலியும் தளரும். கேட்டல் என்பது உடலுழைப்பாகவே இருந்த காலம் அது. ஒலி தம்மைச் சூழ்ந்து நிற்கும் காட்சிக்கூடங்களை இன்று வியப்போர், கேட்போரே ஒலிக்கு உயிரூட்டிய அவ்வீடுகளையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

அக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் எழுச்சிப் பாடல்கள் ஒலிநாடாக்களாக ஒழுங்குபட வெளியிடப்பட்டன. இசைத்தட்டு நிறுவனங்கள் நாடாத வன்னி, ஒழுங்கமைந்த ஒலி வெளியீட்டுக்குக் களமானது போர்க்காலத்திலேயே என்பது வரலாற்று முரண். அவ்வெளியீடுகளின் தேர்வைப் போரின் தேவையே பெரும்பாலும் நிர்ணயித்தது. பாடகரும் கருவியிசைஞரும் அதனால் உருவாயினர் என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் பன்றிப் பள்ளுக்கும் சிலம்பு கூறலுக்கும் அவ்வரிசையில் முதன்மை கிடைத்திலது. பதியும் வசதி எவரிடம் உள்ளதோ அவரே கேட்கத்தக்கதைத் தீர்மானிப்பர் என முன்னர்க் கண்ட உண்மை ஈண்டும் பொருந்துவதாகும்.

2008இன் பிற்பகுதி முதல் 2009 மே வரை வன்னி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். கிளிநொச்சியிலிருந்து கிழக்கு நோக்கி, இறுதியில் முள்ளிவாய்க்கால் வரை நடந்தோர் கைக்கொண்டு செல்லக்கூடியதையே கொண்டு சென்றனர். ஈற்றில் அதனையும் விட்டுச் சென்றனர். உயிரிழப்பின் முன் நாடாவின் இழப்பைப் பேசுதல் தகாது எனச் சிலர் கருதலாம். அக்கருத்து மதிக்கத்தக்கதே. ஆயின் இறந்தோரின் குரல் பதிந்திருந்த நாடாவும் இழந்தபோது, அவர்கள் மற்றொரு முறையும் இழக்கப்பட்டனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

செய்யத்தக்கவை

மியூனிக் காட்சி நமக்குக் கற்பிப்பது ஒன்றே. காட்சி என்பது இறுதிப்படி, பேணுதலே முதற்படி. 1969 முதல் மூல நாடாக்களும் உறைகளும் குறிப்புகளும் பேணப்பட்டமையால், நாற்பத்துமூன்று ஆண்டுகளின் பின் அக்காட்சி இயல்வதாயிற்று. பேணப்படாததை எத்துணை விரிந்த மண்டபத்திலும் காட்டல் இயலாது. எனவே வன்னியின் ஒலிக்குக் காட்சிக்கூடம் வேண்டும் என்று குரலெழுப்புவதற்கு முன், அவ்வொலியைத் தேடிப் பதிப்பிக்கும் பணியே உடன் தொடங்கத்தக்கது.

அப்பணி ஏட்டுப் பதிப்பின் ஒழுங்குடன் நடைபெறல் வேண்டும். பாடியவர் யார், எவ்வூர், எச்சந்தர்ப்பம், யாரிடம் கற்றது, எந்நாளிற் பதிந்தது என்னும் குறிப்பற்ற பதிவு முகப்பிழந்த ஏட்டுக்கு ஒப்பானது. ஒரே பாடல் இரு ஊர்களில் இரு மெட்டில் வழங்குமாயின், ஒன்றைத் திருத்தமெனக் கொண்டு மற்றதை விலக்காது, இரண்டையும் பாடபேதமாகக் காத்தல் வேண்டும். பாடுவோரின் உடன்பாடும் உரிமையும் பேணப்படல் வேண்டும். கண்ணகி வழிபாட்டோடு இணைந்த ஒலிகளில் இவ்வெச்சரிக்கை மிகுதியும் தேவை. வைகாசிப் பொங்கலையொட்டிக் கடல்நீரால் விளக்கெரிக்கும் மரபு, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்திலும் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் ஆலயத்திலும் பயபக்தியோடு போற்றப்படுவது. அதனோடியைந்த பறையொலியையும் பாடலையும் காலமும் இடமும் நீக்கி வெறும் வேடிக்கையாகக் காட்டுதல் அம்மக்களின் உள்ளத்தைப் புண்படுத்தும். எதனைப் பதிவது, எதனைப் பொதுவில் ஒலிக்கவிடுவது என்பதை அவ்வூரவரே தீர்மானித்தல் முறை.

இதற்கான வாய்ப்புக்கள் இன்று இல்லாமல் இல்லை. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு ஒலி ஆவணங்களையும் எண்ணிம வடிவிற் பேணி வருகின்றது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. ஒலியைத் துலக்கும் கருவியறிவு பொறியியல் மாணவரிடமும், பாட்டின் பொருளறிவு தமிழ் மாணவரிடமும், பாட்டு அயலூர் முதியோரிடமும் இருக்கின்றன. இம்மூன்றையும் கூட்டுவிக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. விடுமுறைக் காலத்தில் ஊர்தோறும் செல்லும் சிறு குழுவும், பதிந்ததை அவ்வூர் மக்களே வந்து கேட்கத்தக்க ஓர் அமைதியான அறையும் போதும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் முத்தமிழ் விழா எடுப்பதோடு நில்லாது, இப்பணியையும் தம் ஆண்டுக் கடமைகளுள் ஒன்றாக ஏற்றல் வேண்டும்.

ஓலை செல்லரிக்கப் பல ஆண்டுகள் எடுத்தன. ஆதலால் நம் முன்னோர்க்கு அதனை மீட்கக் காலம் வாய்த்தது. பாடும் குரலுக்கு அத்தவணை இல்லை. பள்ளும் சிந்தும் ஒப்பாரியும் மெட்டோடு அறிந்தோர் இன்னும் சிலர் வன்னியில் உளர். அவர்களிடம் சென்று கேட்பதே வன்னி ஒலிப்பதிப்பின் முதற் கடமையாகும்.